எவர் கையில் இச்சட்டம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவில் பேசுமாறு பணித்த நம் சங்கத்தார் பொருளை நம் விருப்பத்திற்கே விட்டனர். அமெரிக்க நாட்டில் கருக்கலைப்புச் சட்டத்தை இயற்றும் அதிகாரம் மாநிலங்களுக்கு உரியதா, நடுவண் அரசுக்கு உரியதா என்னும் வழக்கைப் பற்றிப் பேசலாம் என்று நாம் சொன்னதும் செயலாளர் சற்றே தயங்கினார். குழந்தைகளும் முதியோரும் கூடும் அவைக்கு இப்பொருள் தகுமோ என்பது அவர் ஐயம். தகும் என்பதே நம் எண்ணம். இக்காலனியில் டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ மகனோ மகளோ வாழாத தெரு எது? ஆண்டுதோறும் சுக்கும் திப்பிலியும் பேறுகால மருந்துமாகப் பெட்டி கட்டிக்கொண்டு மகளின் பிரசவம் பார்க்க விமானம் ஏறும் தாய்மார் இந்த அவையிலேயே பலர் அமர்ந்திருக்கின்றனர். மகள் வாழும் மாநிலம் எதுவோ, அதன் சட்டமே அவள் பிரசவ அறையின் வாயிலில் நிற்கிறது. எனவே இது நமக்கு வேற்றூர்ச் செய்தி அன்று.

மற்றொரு காரணமும் உண்டு. மாநில உரிமை என்ற சொல் செவியில் விழுந்தால் தமிழர் நிமிர்ந்து உட்காருவர். 1969இல் இராசமன்னார் குழுவை அமைத்து, நடுவண் அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பகிரப்படல் வேண்டும் என்று ஆராய்ந்த நாடு நம்முடையது. 1974இல் நம் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானமே நிறைவேற்றிற்று. அத்தகைய நாம் அமெரிக்க வழக்கில் எப்பக்கம் நிற்பது? 'மாநிலங்களே முடிவு செய்யட்டும்' என்பாரோடு நிற்பதே இயல்பெனத் தோன்றும். அவ்வியல்பைச் சற்றே உரைத்துப் பார்ப்பதுதான் நம் நோக்கம்.

முதலில் அந்நாட்டின் அமைப்பை அறிதல் வேண்டும். நம் நாட்டில் குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் உள்ளது. 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டம் ஏறத்தாழ நாடு முழுவதையும் ஆண்டது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டமும் அவ்வாறே. அமெரிக்காவில் அப்படி அன்று. ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது தண்டனைச் சட்டங்கள். நடுவண் அரசுக்கு வழங்கப்படாததும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாததுமான அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791ஆம் ஆண்டுப் பத்தாம் திருத்தம் கூறுகிறது. கொலை, களவு, மணவிலக்கு, மருத்துவர்களுக்கு உரிமம் வழங்குதல் ஆகியவை எல்லாம் இவ்வழியே மாநிலங்களின் கையில் உள்ளன.

மதுவிலக்கை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். குஜராத்தில் மதுவைக் கையில் வைத்திருப்பதே குற்றம். எல்லையைத் தாண்டி டாமனுக்குச் சென்றால் அதே புட்டி குற்றமன்று. இதைக் கேட்டு நாம் நகைக்கிறோம். கார் உள்ளவன் டாமன் போய் வருகிறான்; இல்லாதவன் கள்ளச் சாராயம் குடிக்கிறான் என்றும் பேசிக்கொள்கிறோம். இவ்வுவமையைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னர் இது ஓரிடத்தில் முறிந்துபோகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கனெக்டிகட் மாநிலம் 1821இல் இது பற்றி முதற்சட்டம் இயற்றியது. நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் கருக்கலைப்பைக் குற்றமாக்கின. தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும் விலக்கு அளித்தன. ஆகவே இது தொன்றுதொட்டு மாநிலங்களின் பொருளே என்பது ஒரு சாரார் வாதம். அது முற்றிலும் உண்மை அன்று. 1873இல் நடுவண் காங்கிரஸ் சபையே, கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ உரிய எப்பொருளையும் அஞ்சலில் அனுப்பலாகாது என்று சட்டம் செய்தது. அதனை முன்னின்று இயற்றுவித்த ஆண்டனி காம்ஸ்டாக் என்பாரின் பெயராலேயே அது வழங்குகிறது. கருத்தடை பற்றிய பகுதியை 1971இல் நீக்கினார்கள். மற்றைய பகுதி நீக்கப்படவில்லை. அஞ்சற்பெட்டி நடுவண் அரசினுடையது. அதன் வழியே அவ்வரசு அன்றே இவ்வீட்டினுள் நுழைந்துவிட்டது.

1967இல் கொலராடோ மாநிலம் முதன்முதலாகத் தன் சட்டத்தைத் தளர்த்திற்று. 1970இல் ஹவாய், அலாஸ்கா, வாஷிங்டன், நியூயார்க் ஆகிய நான்கும் பழைய தடையைக் களைந்தன. இவற்றுள் வாஷிங்டன் மாநிலத்தில் மக்களே வாக்களித்து முடிவு செய்தனர். நியூயார்க் கதை சுவை மிக்கது. அதனைச் சற்று விரித்துச் சொல்வோம்.

1970 ஏப்ரல் 9. நியூயார்க் சட்டமன்றத்தில் வாக்குகள் எண்ணி முடித்தபோது மசோதா ஒரு வாக்கில் தோற்கும் நிலை. ஜார்ஜ் மைக்கேல்ஸ் என்னும் உறுப்பினர் எழுந்தார். அவர் நாட்டுப்புறத் தொகுதி ஒன்றின் பிரதிநிதி. அத்தொகுதி மக்களில் பெரும்பாலோர் மசோதாவை வெறுப்பவர். ஆதலால் அவரும் எதிர்த்தே வாக்களித்திருந்தார். ஆனால் அவருடைய வாக்கே மசோதாவை வீழ்த்தும் வாக்காகிவிடலாகாது என்று அவர் புதல்வர்களே அவரை வேண்டிக்கொண்டிருந்தனர். தம் அரசியல் வாழ்வு இத்துடன் முடியும் என்பதை அறிந்தே பேசுவதாகச் சொல்லி, நடுங்கும் குரலில் வாக்கை மாற்றினார். மசோதா நிறைவேறிற்று. அவர் சொன்னது பலித்தது. அவ்வாண்டே கட்சி அவரைக் கைவிட்டது. அம்மன்றத்துக்கு அவர் மீளவில்லை. இரண்டு ஆண்டு சென்று 1972இல் அதே சட்டமன்றம் மனம் மாறி அச்சட்டத்தை நீக்க வாக்களித்தது. கவர்னர் ராக்பெல்லர் மறுப்பாணை இட்டு அதைக் காத்தார்.

இந்நிகழ்ச்சியை இருபுறத்தாரும் தம் சான்றாகக் கொள்வர். 'பாருங்கள், நீதிபதிகள் தலையிடாமலே மக்கள் மன்றங்கள் தாமே மாறத் தொடங்கியிருந்தன' என்பார் ஒரு சாரார். 'ஒரு மனிதரின் ஒரு வாக்கிலும் ஒரு கவர்னரின் ஒரு கையெழுத்திலும் தொங்கிய பொருளை உரிமை என்று சொல்வது எங்ஙனம்?' என்பார் மற்றவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் அவ்விரண்டு ஆண்டுகளில் நியூயார்க் மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிமாநிலத்தவர் என்னும் செய்தியையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பயணச் சீட்டு வாங்க முடிந்தவர்கள் வந்தார்கள். வர இயலாதவர்களைப் பற்றிய கணக்கு அம்மருத்துவமனைகளின் ஏட்டில் இராது.

1973 ஜனவரி 22ஆம் நாள் வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சட்டம் 1850களில் தோன்றியது. அதனை எதிர்த்து ஒரு பெண் ஜேன் ரோ என்ற புனைபெயரில் தொடுத்த வழக்கில், டல்லாஸ் அரசு வழக்கறிஞர் ஹென்றி வேட் எதிராளி. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக்மன். 1868ஆம் ஆண்டுப் பதினான்காம் திருத்தம் காக்கும் சுதந்திரத்தில் இம்முடிவும் அடங்கும் என்றும், தாயின் உடலுக்கு வெளியே கரு பிழைக்கும் நிலையை அடையும் வரையில் மாநிலம் தடை விதிக்கலாகாது என்றும் கூறினார். அன்று 30 மாநிலங்கள் கருவின் எந்நிலையிலும் கலைப்பைத் தடை செய்திருந்தன. ஒரே காலை நேரத்தில் அவ்வளவு சட்டங்களும் வலிமை இழந்தன.

இதில் நேர்ந்த மனக்கசப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. எதிர்த்த இருவருள் ஒருவராகிய நீதிபதி வைட், அரசியல் சட்டத்தில் எங்கும் காணாத ஒன்றை நீதிமன்றம் தன் பலத்தால் மட்டும் புகுத்திற்று என்று கடிந்தார். பிற்காலத்தில் பெண்ணுரிமையின் சின்னமாகவே போற்றப்பட்ட ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையாரும் 1992இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் இத்தீர்ப்பின் போக்கைக் குறை கூறினார். டெக்சாஸின் கொடிய சட்டத்தை மட்டும் வீழ்த்தி நிறுத்தியிருக்கலாம். ஆணும் பெண்ணும் சமம் என்னும் அடிப்படையில் படிப்படியாக முன்சென்றிருக்கலாம் என்பது அவர் கருத்து. உரிமையை அவர் மறுக்கவில்லை. அது கட்டப்பட்ட அடித்தளத்தையே ஐயுற்றார்.

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். மாநில அதிகாரமா நடுவண் அதிகாரமா என்னும் கேள்வியை அந்நாட்டு அரசியலார் பெரும்பாலும் ஒரு சட்டையைப் போலவே அணிந்து கழற்றியுள்ளனர். 1973க்குப் பின், தீர்ப்பை எதிர்த்தவர்கள் முதலில் நாடினது நடுவண் அதிகாரத்தையே. கருவும் ஓர் ஆள் என்று நாடு முழுமைக்கும் அரசியல் சட்டத்தில் எழுத வேண்டும் என்பது அவர்கள் முதல் முயற்சி. அது கைகூடாதபோது, இவ்வுரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்று மட்டும் கூறி, பொருளை மன்றங்களிடம் விடுவதற்கான திருத்தத்தை நாடினர். 1983இல் செனட் சபையில் அதற்கு 49 பேர் ஆதரவு, 50 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரு பங்கு தேவைப்படும் இடத்தில் பாதியும் தேறவில்லை. இதற்கிடையில் 1976 முதல் ஹைட் திருத்தம் என்பதன் வாயிலாக ஏழைகளுக்கான நடுவண் மருத்துவ உதவிப் பணத்தை இதற்குச் செலவிடாமல் தடுத்தனர். 1980இல் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அதனை ஏற்றது. உரிமை நாடு முழுமைக்கும் இருந்தது. அதற்குரிய பணம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. 2003இல், மாநில உரிமை பேசியவர்களே பெருமளவில் கூடி, ஒருவகை அறுவை முறையை நாடெங்கும் தடைசெய்யும் நடுவண் சட்டம் இயற்றினர். 2007இல் நீதிமன்றம் அதனை ஏற்றபோது, இச்சட்டம் இயற்றக் காங்கிரஸ் சபைக்கு அதிகாரம் உண்டா என்னும் கேள்வி தம் முன் எழுப்பப்படவில்லை என்று நீதிபதி தாமஸ் தனியே குறித்து வைத்தார். எழுப்பியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நாம் ஊகித்து மகிழலாம்!

மற்றைய அணியினரும் இதில் பின்தங்கவில்லை. 2021இலும் 2022இலும் மாநிலத் தடைகளை எல்லாம் ஒரே நடுவண் சட்டத்தால் நீக்கும் மசோதாவைக் கொணர்ந்தனர். பிரதிநிதிகள் சபையில் அது நிறைவேறியும் செனட் சபையில் வீழ்ந்தது. அதே அணியினர் இன்னொரு புறம் மாநில அரசியல் சட்டங்களையும் மாநில வாக்கெடுப்புகளையும் தம் கோட்டைகளாக்கிக் கொண்டனர்.

2022 ஜூன் 24ஆம் நாள் பழைய தீர்ப்பு கவிழ்ந்தது. மிசிசிப்பி மாநிலம் 15 வாரத்துக்கு மேற்பட்ட கருக்கலைப்பைத் தடை செய்ததை எதிர்த்து, அம்மாநிலத்தில் எஞ்சியிருந்த ஒரே மருத்துவ நிலையம் தொடுத்த வழக்கு அது. நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பு, இப்பொருளை மக்களிடமும் அவர்தம் பிரதிநிதிகளிடமும் திருப்பி அளிப்பதாகக் கூறியது. பழைய தீர்ப்பை முற்றாக நீக்க உடன்பட்டவர் ஐவர், தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் மிசிசிப்பி சட்டத்தை ஏற்றாரேயன்றி அவ்வளவு தூரம் செல்லவில்லை, மூவர் மறுத்தனர். உடன்பட்டவருள் ஒருவரான கவனா, ஒரு மாநிலத்தவர் மற்றொரு மாநிலத்துக்குச் சென்று சிகிச்சை பெறுவதைத் தடுக்க இயலாது என்று தனியுரையில் எழுதினார். வழக்குத் தொடுத்த அந்நிலையம் சில நாட்களில் மிசிசிப்பியில் கதவடைத்து, நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. வேலையைத் தேடி ஊர் மாறிய நமக்கு இதன் பொருள் விளங்கும். ஒரு நிலையம் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். அதனை நம்பியிருந்த ஊரார் எல்லாரும் அதன் பின்னே போக முடியாது.

திருப்பி அளித்தபின் நடந்தது என்ன? அரிசோனாவின் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில், 1864ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று செல்லும் என்றது. அரிசோனா ஒரு மாநிலமானதே 1912இல்! பெண்களுக்கு வாக்கில்லாத காலத்தில், மாநிலமே அல்லாத ஒரு நிலப்பகுதியின் மன்றம் எழுதிய சட்டம், 'மக்களின் பிரதிநிதிகள்' குரலாக மீண்டெழுந்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் அதனை நீக்கியது. அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து இவ்வுரிமையைத் தம் அரசியல் சட்டத்திலேயே பொறித்தனர்.

மாநில உரிமைக்காரர் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியும் உண்டு. 2022 ஆகஸ்ட் 2ஆம் நாள் கான்சஸ் மாநிலத்தில் வாக்கெடுப்பு. பழைமை போற்றும் அம்மாநிலம் தடைக்கு வழி திறக்கும் என்று பலர் எண்ணினர். ஏறத்தாழ நூற்றுக்கு 59 பேர் எதிர்த்து வாக்களித்து அதனை வீழ்த்தினர். பின் மிச்சிகன், கலிபோர்னியா, வெர்மான்ட், 2023இல் ஒஹாயோ, 2024இல் மிசௌரி எனப் பல மாநிலங்களில் மக்கள் வாக்கு ஒரே திசையில் சென்றது. ஆயினும் 2024இல் புளோரிடாவில் நூற்றுக்கு 57 பேர் ஆதரித்தும் தீர்மானம் தோற்றது. அங்கே 60 வேண்டும் என்பது விதி. ஒஹாயோவிலும் அவ்வாறே 60ஆக உயர்த்த 2023 ஆகஸ்டில் முயன்றனர், மக்கள் மறுத்துவிட்டனர். மிசிசிப்பியிலும் டெக்சாஸிலும் டென்னசியிலும் வாக்காளர் தாமாகவே இதை வாக்கெடுப்புக்குக் கொணர வழியே இல்லை. 'மக்களிடம் விட்டோம்' என்ற சொல்லுக்கு மாநிலந்தோறும் வெவ்வேறு பொருள். 2025இல் ஏறத்தாழ ஒரு டஜன் மாநிலங்களில் கருவின் தொடக்கம் முதலே தடை இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை தெற்கில் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பவை.

இங்கேதான் நம் மதுவிலக்கு உவமை முறிகிறது. டாமன் போக விரும்புபவன் அடுத்த சனிக்கிழமை போகலாம், போகாமலும் இருக்கலாம், உயிர் போய்விடாது. கருவுற்ற உடலுக்கு நாள் உண்டு, தள்ளிப்போட முடியாது. டல்லாஸிலிருந்து நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கிக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். விடுப்பு, வாகனம், விடுதி, வீட்டிலுள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று இத்தனையும் வாய்த்தவளுக்கு மாநில எல்லை ஒரு சாலைப் பலகை மட்டுமே. வாய்க்காதவளுக்கு அது சுவர்.

இதனினும் கொடிது ஒன்று உண்டு. கலைக்க விரும்பாதவள், குழந்தையை வேண்டித் தவமிருந்தவள், அவளுக்கும் இச்சட்டம் வருகிறது. ஐந்தாம் மாதத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டால் சிசு பிழைப்பது அரிது. நஞ்சேறினால் தாயும் பிழைப்பது அரிது. மருத்துவ நூல் சொல்வது, காத்திராமல் கருப்பையை வெறுமையாக்கும் வழியைத் தாய்க்கு அளிக்க வேண்டும் என்பது. ஆனால் சிசுவின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் வரை, தாயின் உயிருக்கு ஆபத்து 'போதுமான அளவு' வந்துவிட்டதா என்று மருத்துவர் வழக்கறிஞரைக் கேட்கிறார். டெக்சாஸில் பிழை செய்தால் அவருக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. அவ்வாறு காக்கவைக்கப்பட்ட பெண்கள் சிலர் 2023 மார்ச்சில் அம்மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். 2024 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை மறுத்தது. 2025இல் மாநிலச் சட்டமன்றமே விலக்கு விதியைத் தெளிவுபடுத்தும் சட்டம் ஒன்றை இயற்ற நேர்ந்தது. தெளிவு வேண்டியிருந்தது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர் என்றுதான் நாம் கொள்ள வேண்டும். 2012இல் அயர்லாந்தின் கால்வே நகரில் நம் நாட்டுப் பல்மருத்துவர் ஒருவர் இவ்வாறே காத்திருந்து உயிர் நீத்ததை நீங்கள் மறந்திரீர். அந்நாடு 2018இல் தன் அரசியல் சட்டத்தையே திருத்திக்கொண்டது.

அவசரச் சிகிச்சை பற்றி 1986ஆம் ஆண்டு நடுவண் சட்டம் ஒன்று உண்டு. நடுவண் பணம் பெறும் மருத்துவமனை, ஆபத்தோடு வருபவரை நிலைப்படுத்தாமல் திருப்பி அனுப்பலாகாது என்பது அது. ஐடஹோ மாநிலத்தின் தடை இதனோடு மோதிற்று. வழக்கு நடந்த மாதங்களில், அங்குள்ள மருத்துவர்கள் சில தாய்மார்களை விமானத்தில் ஏற்றி அண்டை மாநிலங்களுக்கு அனுப்ப நேர்ந்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் கேள்விக்கு விடை கூறாமலே வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2025 மார்ச்சில், புதிதாக வந்த நடுவண் ஆட்சி அவ்வழக்கையே கைவிட்டது. ஆட்சி மாறினால் நடுவண் சட்டத்தின் பொருளும் மாறுகிறது. நடுவண் அதிகாரமே காவல் என்று எண்ணுவோர் இதனையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டை நோக்கினால், 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் அமைந்த குழு 1966இல் அறிக்கை அளித்தது. 1971இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2021இல் சில வகைப் பெண்களுக்கு 20 வாரம் என்பது 24 வாரமாயிற்று. 2022 செப்டம்பர் 29ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களையும் அவ்வகையில் சேர்த்தது. இச்சட்டம் உரிமை என்று பேசுவதில்லை. மருத்துவருக்கு அனுமதி என்றே பேசுகிறது. அதன் குறைகள் பல. சிற்றூர்களில் தகுதி பெற்ற மருத்துவரைத் தேடுவதே பெரும்பாடு. ஆயினும் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து குடியேறிய நம் பெண், எல்லைகள் பல கடந்தும் அதே சட்டத்தின் கீழேயே இருக்கிறாள். இரயில் பெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கும்போது குற்றவாளி ஆகிவிடுவதில்லை. மொழி, கல்வி, நிலம், நீர் ஆகியவற்றில் மாநிலத்தின் கை ஓங்க வேண்டும் என்று வாதிடும் நாம், இவ்வொரு பொருளில் எல்லைக்கோடு குறுக்கிடாதிருப்பதே நன்று என்று கருதுகிறோம். மாநில சுயாட்சி என்பது மக்களுக்கு அண்மையில் அதிகாரம் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை. அக்கொள்கையை இறுதிவரை கொண்டு சென்றால் அது மாநிலத் தலைநகரில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்னும் அண்மையில், படுக்கையில் கிடப்பவள் வரைக்கும் செல்லலாம்.

மாநிலங்களிடம் விட்டால் சண்டை ஓயும் என்றவர்கள் சொன்னதும் பலிக்கவில்லை. 2022 செப்டம்பரில் செனட்டர் கிரகாம் 15 வாரத் தடையை நாடெங்கும் விதிக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். 2024 ஏப்ரலில் டிரம்ப் இது மாநிலங்களின் பொருள் என்று அறிவித்தார். நடுவண் களத்தில் சண்டை தணிந்த இடத்தில், மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையே மூண்டது. காரணம் ஒரு மாத்திரை. 2000ஆம் ஆண்டு நடுவண் மருந்து நிர்வாகம் ஏற்ற மிபெப்ரிஸ்டோன் என்பது அது. அந்நாட்டுக் கருக்கலைப்புகளில் பாதிக்கு மேல் மாத்திரையாலேயே நிகழ்கின்றன. மாத்திரைக்கு அஞ்சலுறை போதும். நியூயார்க், மாசசூசெட்ஸ் முதலிய மாநிலங்கள், வெளிமாநிலப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து மருந்து எழுதித் தரும் தம் மருத்துவர்களைக் காக்கக் கேடயச் சட்டங்கள் இயற்றின.

2024 டிசம்பரில் டெக்சாஸ் அரசு, நியூயார்க் மருத்துவர் ஒருவர் மீது வழக்குத் தொடுத்தது. 2025 பிப்ரவரியில் டெக்சாஸ் நீதிபதி அவருக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் தண்டம் விதித்தார். அதற்கு முந்தைய மாதம் லூசியானா மாநிலம் அதே மருத்துவர் மீது குற்றம் சாட்டியிருந்தது. அவரை ஒப்படைக்குமாறு கேட்டது. நியூயார்க் கவர்னர் ஹோக்கல் மறுத்தார். ஒரு மாநிலம் தேடும் குற்றவாளியை மற்றொரு மாநிலம் ஒப்படைக்க வேண்டும் என்றும், ஒரு மாநிலத்துத் தீர்ப்பை மற்றொன்று முழு மதிப்போடு ஏற்க வேண்டும் என்றும் அவர்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதியுள்ளது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருவது பற்றி 1850இல் வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதியபின், ஒரு மாநிலத்தின் தண்டனைச் சட்டம் மற்றொன்றின் எல்லைக்குள் கை நீட்டுவது பற்றி இவ்வளவு கடுமையான பிணக்கு அங்கே அரிது.

டெக்சாஸ் அதிகாரிகள் தம் தீர்ப்பைப் பதிவு செய்யுமாறு நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் கவுண்டி அலுவலகத்துக்கு அனுப்பினர். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதொரு பிரிவு. பத்திரங்களையும் தீர்ப்புகளையும் பதிந்து முத்திரை இடுவது அங்குள்ள எழுத்தரின் வேலை. 2025 மார்ச்சில் அவர் மாநிலத்தின் கேடயச் சட்டத்தைக் காட்டி, பதிய மறுத்துத் தாளைத் திருப்பி அனுப்பினார். மீண்டும் அனுப்பினர், மீண்டும் மறுத்தார். ஜூலை மாத இறுதியில் டெக்சாஸின் தலைமை அரசு வழக்கறிஞர் அவ்வெழுத்தர் மீதே நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.